திரும்பிப் போவதா, வேண்டாமா: அந்த முடிவை யார் எடுக்கிறார்கள்?

2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி, ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் அடையாறு வந்தது. தரைத்தள ஃப்ளாட். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றைக்கு விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள் என்பது பின்னால் வந்த அரசுக் கணக்கு. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பாத்ரூம் குழி வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது, பத்து நிமிஷத்தில் கட்டில் கால் முழுகிவிட்டது, அவ்வளவுதான். மாடி வீட்டில் ஏறிக்கொண்டோம். மூன்றாம் நாள் அண்ணா நகரில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே உட்கார்ந்து, பழக்கதோஷம், ஒரு எக்செல் ஷீட் போட்டேன். திரும்பிப் போனால் என்ன செலவு, வேறு இடத்தில் வாடகைக்குப் போனால் என்ன செலவு, பாக்கி இருக்கும் ஹோம் லோன் இஎம்ஐ, பையனின் பள்ளிக்கூட தூரம், இன்னொரு வெள்ளம் வர எத்தனை சதவீதம் வாய்ப்பு, எல்லாவற்றுக்கும் ஒரு வரி. கடைசி வரியில் ஷீட் தெளிவாகச் சொன்னது: வராதே. வீட்டைச் சுத்தம் பண்ணி வாடகைக்கு விட்டுவிட்டு மேட்டுப் பகுதியில் குடியேறு.

பதிமூன்றாம் நாள் நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

அந்த ஃபைல் இன்னும் என் லேப்டாப்பில் இருக்கிறது. சமீபத்தில் வேறு எதையோ தேடும்போது கண்ணில் பட்டது. திறந்து பார்த்தேன். கணக்கில் தப்பு எதுவும் இல்லை. அப்புறம் ஏன் திரும்பினோம்? மனைவியிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "மாடி வீட்டு மாமி ஃபோன் பண்ணாங்கல்ல, அதான்" என்றாள். உண்மைதான். மாமி ஃபோனில் சொன்னது இவ்வளவுதான்: "மோட்டார் ஓட ஆரம்பிச்சிடுத்து. நாலு வீடு வந்தாச்சு. நீங்க எப்ப வரேள்?"

என் ஷீட்டில் 'மற்ற வீட்டுக்காரர்கள்' என்று ஒரு வரி கிடையாது. ஆனால் எங்கள் முடிவை எடுத்தது அந்த வரிதான். இது எங்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த விஷயமா, இல்லை எல்லா இடத்திலும் இப்படித்தானா என்று தெரிந்துகொள்ளப் படிக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்து ராத்திரியில் படிக்கும் ஆள் நான், வரலாற்றாசிரியர் கிடையாது. படித்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். முதலில் நம் கடற்கரை, பிறகு அமெரிக்காவில் ஒரு நகரம், ஜப்பானில் ஒரு சின்ன ஊர், கடைசியில் மறுபடி அடையாறு.

1. நாகப்பட்டினம்: 200 மீட்டர்

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் இறந்தவர்களில் பெரும்பங்கு அந்த ஒரு மாவட்டத்தில். அடுத்த பிப்ரவரியில் அலுவலக நண்பர்களோடு நிவாரணப் பொருள் எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருந்தேன். அப்போது எனக்கு வேலைக்குச் சேர்ந்த புதிது. தகரக் கொட்டகைகளில் மக்கள் இருந்தார்கள். உள்ளே உட்கார முடியாத சூடு. "கடல் பக்கமே இனி வேண்டாம்னு இருப்பாங்க" என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அங்கே ஒரு பெரியவரிடம், தள்ளி வீடு கட்டிக் கொடுத்தால் போவீர்களா ஐயா என்று கேட்டேன். அவர் கடலைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. "இன்ஜின யாரு தம்பி தூக்குறது?" என்று திருப்பிக் கேட்டார்.

அது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது. ஃபைபர் படகுக்கு வெளியில் மாட்டும் இன்ஜினைக் கரையில் அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. கழற்றித் தோளில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வலை அதே மாதிரி. கரைக்கும் வீட்டுக்கும் ஐம்பது மீட்டர் என்றால் அது ஒரு வேலையே இல்லை. ஒரு கிலோமீட்டர் என்றால் தினமும் கூலிக்கு ஆள் வைக்க வேண்டும், இல்லையென்றால் கரையில் கொட்டகை போட்டுக் காவல் இருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அலை எப்படி விழுகிறது என்பதை விடிகாலையில் வாசலில் நின்று பார்த்துத்தான் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். பெண்களுக்குக் கரையில் ஏலம், கருவாடு காயப்போடுவது, கூடையோடு பஸ் பிடிப்பது. அதாவது அவர்களுக்கு வீடு என்பது தொழிற்சாலையின் ஒரு பகுதி.

2005 மார்ச் 30-ம் தேதி தமிழக அரசின் வருவாய்த் துறை ஒரு அரசாணை போட்டது. எண் 172. மறுகுடியமர்வு பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வரும் ஆவணம் இது. சாராம்சம் இப்படி: கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இருந்து சேதமானவர்கள், 200 மீட்டரைத் தாண்டிப் போக விரும்பினால் 1.5 லட்சம் ரூபாய் மதிப்பில் புது வீடு இலவசம். அதற்குப் பழைய இடத்தை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். போக விருப்பம் இல்லையென்றால் இருந்த இடத்திலேயே சொந்தச் செலவில் பழுதுபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அரசு உதவி கிடையாது. புது வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும் என்பது நல்ல அம்சம்.

படித்தால் இது தேர்வு மாதிரி இருக்கும். ஒரு வரி மாற்றிப் படித்துப் பாருங்கள். வீடும் படகும் வலையும் போய், கையில் காசில்லாமல் தகரக் கொட்டகையில் இருக்கும் குடும்பத்திடம், "இங்கே இருந்தால் ஒன்றும் கிடையாது, அங்கே போனால் வீடு" என்று சொன்னால் அது எவ்வளவு தூரம் தேர்வு? அரசாணையின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 1991-லிருந்து இருக்கும் கடலோர ஒழுங்குமுறை விதிகளும் 200 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தின. உயிர்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் நிச்சயம் இருந்தது. ஆனால் 'திரும்புவது' என்ற பக்கத்தின் விலையை யார் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இந்த ஊர்களில் ஒரு குடும்பம் தனியாக முடிவெடுக்கவில்லை. மீனவ ஊர் பஞ்சாயத்துதான் பேசியது. எந்தத் தொண்டு நிறுவனம் கட்டுவது, மனை எங்கே, யார் பெயர் பட்டியலில் என்பதையெல்லாம் பஞ்சாயத்தார் வழியாகத்தான் முடித்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தனிமனித விருப்பம் நசுங்குவது மாதிரி தெரியும். அதில் உண்மையும் உண்டு. விதவைகள், பஞ்சாயத்தில் சேராத தலித் குடும்பங்கள் பட்டியலில் விடுபட்ட கதைகள் நிறையப் பதிவாகியிருக்கின்றன. சில ஊர்களில் புது வரிசை வீடுகளுக்காகச் சேதமாகாத பழைய வீடுகளையும் இடித்து, நிழல் மரங்களையும் வெட்டினார்கள். ஆனால் மறுபக்கம், ஊரே சேர்ந்து போனதாலும் ஊரே சேர்ந்து நின்றதாலும், "நான் மட்டும் போய் மாட்டிக்கொள்வேனோ" என்ற பயம் அவர்களுக்கு இல்லை.

கடைசியில் பல இடங்களில் நடந்தது மூன்றாவது ஒன்று. புது வீட்டை வாங்கிக்கொண்டார்கள், பழைய இடத்தையும் விடவில்லை. புது வீட்டில் மகனும் மருமகளும், பழைய இடத்தில் அப்பாவும் வலையும் இன்ஜினும். சுமார் 325 சதுர அடி வீட்டில் கூட்டுக் குடும்பம் அடங்காது என்பதும் இதற்கு வசதியாக இருந்தது. அரசின் பட்டியலில் 'இடம் மாறியவர்' என்று ஒரு கட்டம், 'மாறாதவர்' என்று ஒரு கட்டம். மக்கள் இரண்டிலும் ஒரு காலை வைத்திருந்தார்கள்.

2. நியூ ஆர்லியன்ஸ்: யார் முதலில் போவது?

சுனாமி வந்து எட்டு மாதம் கழித்து, 2005 ஆகஸ்ட் 29-ம் தேதி கத்ரீனா புயல். நியூ ஆர்லியன்ஸைச் சுற்றியிருந்த கரைச்சுவர்கள் உடைந்து நகரத்தின் 80 சதவீதம் முழுகியது. ஊரே காலி. 2000-ம் ஆண்டு கணக்கெடுப்பில் 4,84,674 பேர் இருந்த நகரம், 2010-ல் 3,43,829. திரும்புவது பற்றிய ஆராய்ச்சியில் பெரும்பகுதி இந்த ஒரு நகரத்தை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஊருக்குத் திரும்பலாமா என்று யோசித்த ஒவ்வொரு வீட்டுக்கும் அங்கே ஒரே சிக்கல். நான் மட்டும் லோன் போட்டு வீட்டைச் சரி பண்ணி, தெருவில் வேறு யாரும் வரவில்லையென்றால்? பக்கத்து வீடு பூஞ்சை பிடித்துப் பாழாகும், கடை திறக்காது, பள்ளிக்கூடம் திறக்காது, போட்ட பணம் திரும்பாது. ஆகவே பார்த்துவிட்டுப் போகலாம். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் யோசிக்கிறார். சாஃப்ட்வேரில் டெட்லாக் என்று சொல்வோம். ஒரு புரோகிராம் இன்னொன்று விடட்டும் என்று காத்திருக்கும், அது இதற்காகக் காத்திருக்கும், இரண்டும் அப்படியே நிற்கும். இரண்டிலும் பிழை இல்லை. வெளியிலிருந்து யாராவது ஒன்றை நகர்த்தினால்தான் உண்டு.

2006 ஜனவரியில் மேயர் அமைத்த குழு ஒரு திட்டத்தை வெளியிட்டது. பத்திரிகையில் ஒரு வரைபடம் வந்தது. தாழ்வான சில பகுதிகள் மேல் பெரிய பச்சை வட்டங்கள். அவை பிற்காலத்தில் பூங்கா ஆகக்கூடிய இடங்கள். அந்தப் பகுதிக்காரர்கள் போதுமான பேர் திரும்புவார்கள் என்று சில மாதங்களுக்குள் நிரூபிக்க வேண்டும், அதுவரை கட்டட அனுமதி நிறுத்தி வைக்கலாம் என்றது குழு. டெட்லாக்கில் இருக்கும் மக்களிடம், டெட்லாக் இல்லை என்று நிரூபியுங்கள், அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருங்கள் என்று சொன்ன மாதிரி. கடும் எதிர்ப்பு வந்து மேயரே அந்தத் தடையைக் கைவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், சில இடங்களில் அந்தப் பச்சை வட்டமே ஆட்களைக் கிளப்பிவிட்டது. பிராட்மோர் என்ற பகுதிக்காரர்கள் தங்கள் தெருவை வட்டத்துக்குள் பார்த்ததும் கூட்டம் போட்டார்கள், சிதறிப்போனவர்களைத் தேடிப் பிடித்தார்கள், தெருவாரியாகப் பொறுப்பாளர் வைத்தார்கள், தாங்களே ஒரு மறுசீரமைப்புத் திட்டம் எழுதினார்கள். நகரத்தில் நல்லபடியாக மீண்ட பகுதிகளில் அது ஒன்று.

இதைவிடச் சுவாரசியமானது வெர்சாய் கதை. நகரத்தின் கிழக்கு ஓரத்தில் வியட்நாமியர்கள் வாழும் பகுதி. அவர்களில் மூத்தவர்கள் பலர் 1954-ல் வட வியட்நாமிலிருந்து தெற்கே ஓடியவர்கள், 1975-ல் அங்கிருந்து அமெரிக்காவுக்கு ஓடியவர்கள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வருவது அவர்களுக்குப் புதிதில்லை. அங்கே மேரி குயின் ஆஃப் வியட்நாம் என்ற கத்தோலிக்கத் தேவாலயம். பங்குத் தந்தை வியென் த நுயென். அவர் டெக்ஸஸ் வரை போய் நிவாரண முகாம்களில் தன் ஆட்களைத் தேடினார். அக்டோபரிலேயே தேவாலயத்தில் பூசை வைத்தார். ஒரு வாரம் சில நூறு பேர், அடுத்த வாரம் அதைவிட அதிகம்.

அந்தப் பூசைக்கு வந்தவர்கள் சாமி கும்பிட மட்டுமா வந்தார்கள்? சுற்றிப் பார்த்து, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணவும் வந்தார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் மாமி ஃபோனில் சொன்ன "நாலு வீடு வந்தாச்சு" இங்கே நூற்றுக்கணக்கில் கண்ணெதிரே நின்றது. மின்சாரக் கம்பெனியிடம் இணைப்பு கேட்டபோது, அங்கே கட்டணம் கட்ட ஆள் இருக்கிறார்களா என்று தயங்கினார்கள். பாதிரியார் பூசைக் கூட்டத்தின் புகைப்படத்தையும், 500 பேர் பட்டியலையும் கொண்டுபோய்க் கொடுத்தார். கரண்ட் வந்தது. கரண்ட் வந்ததால் இன்னும் நிறையப் பேர் வந்தார்கள். 2006-ல் அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே புயல் குப்பையைக் கொட்டும் கிடங்கு திறந்தபோது, போராடி அதே வருஷம் மூட வைக்கும் அளவுக்கு அங்கே ஊர் திரும்பியிருந்தது. எமிலி சாம்லி-ரைட், வர்ஜில் ஸ்டோர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, "ஒற்றுமை இருந்தால் போதும், எல்லோரும் திரும்பலாம்" என்று முடிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதை உடைத்தது லோயர் நைன்த் வார்டு.

அது கறுப்பின மக்கள் வாழும் பகுதி. ஏழைகள்தான், ஆனால் சொந்த வீட்டுக்காரர்களின் விகிதம் நகரச் சராசரியைவிட அதிகம். தலைமுறை தலைமுறையாக அதே தெரு, அதே சர்ச். ஒற்றுமைக்குக் குறைவில்லை. அங்கே 2000-ல் சுமார் 14,000 பேர். 2010-ல் 3,000-க்கும் குறைவு. ஏன்?

முதல் காரணம் வெள்ளத்தின் வேகம். கரைச்சுவர் உடைந்த இடத்தில் வீடுகள் அஸ்திவாரத்தோடு பெயர்ந்து போயின. எலிசபெத் ஃபசலும் கூட்டாளிகளும் செய்த ஆய்வில், கறுப்பின மக்கள் மெதுவாகத் திரும்பியதற்கு முக்கியக் காரணம் அவர்கள் வீடுகளுக்கு ஏற்பட்ட அதிகச் சேதம் என்று வருகிறது. இரண்டாவது, தண்ணீர் மின்சார இணைப்புகள் அங்கே மற்ற பகுதிகளைவிட ரொம்பத் தாமதமாக வந்தன. மூன்றாவது பத்திரம். வீடு தாத்தா பெயரில் இருக்கும், பாகப்பிரிவினை ஆகியிருக்காது, பேரன் குடியிருப்பான். நமக்கு இதை விளக்கவே வேண்டாம். உதவித்தொகை கேட்டுப் போனால், உரிமையாளர் நீங்கள்தான் என்பதற்குக் காகிதம் எங்கே என்பார்கள்.

நான்காவது, உதவித்தொகையின் சூத்திரம். லூசியானா மாநிலம் 'ரோடு ஹோம்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதிகபட்சம் 1,50,000 டாலர். வெள்ளத்துக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு, இரண்டில் எது குறைவோ அதை அடிப்படையாக வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரு உதாரணம் பாருங்கள். இரண்டு வீடு, ஒரே அளவு, இரண்டையும் சரி பண்ண ஒரு லட்சம் டாலர் ஆகும். வெள்ளையர் பகுதி வீட்டின் சந்தை மதிப்பு ஒன்றரை லட்சம், ஆகவே அவருக்கு அடிப்படை ஒரு லட்சம். கறுப்பர் பகுதி வீட்டின் சந்தை மதிப்பு அறுபதாயிரம், ஆகவே அவருக்கு அறுபதாயிரம். மரமும் ஆணியும் இரண்டு பேருக்கும் ஒரே விலைதான். மீதி நாற்பதாயிரத்துக்கு இரண்டாமவர் எங்கே போவார்? 2008-ல் வழக்குப் போட்டார்கள். 2011-ல் 62 மில்லியன் டாலர் சமரசத்தில் முடிந்தது. அதற்குள் ஆறு வருஷம்.

கோட் எழுதுகிறவன் என்பதால் இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். யாரோ ஒருவர் இரண்டு எண்களில் சின்னதை எடு என்று ஒரு சூத்திரம் எழுதியிருக்கிறார். அதில் இனம் என்ற வார்த்தையே கிடையாது. விளைவில் ஒரு தெருவே திரும்பவில்லை.

வாடகைக்கு இருந்தவர்கள் நிலைமை இதைவிட மோசம். அரசுக் குடியிருப்புகளில் பல கட்டடங்கள் கெட்டியாகத்தான் நின்றன. ஆனாலும் நான்கு பெரிய குடியிருப்புகளை, சுமார் 4,500 வீடுகளை, இடிக்க 2007 டிசம்பரில் நகர சபை ஒருமனதாக ஓட்டுப் போட்டது. அங்கே இருந்தவர்களிடம் யாரும் திரும்புகிறீர்களா என்று கேட்கவில்லை. கேட்டுப் பதில் சொல்ல வீடே இல்லை.

3. நமியே: கேள்வியே மாறிவிடும்

2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. பக்கத்தில் நமியே என்ற ஊர், சுமார் 21,000 பேர். முழுக்க வெளியேற்றினார்கள். ஊரின் ஒரு பகுதிக்குத் தடை நீங்கியது 2017 மார்ச் 31-ம் தேதி. இடைப்பட்ட ஆறு வருஷம் மக்கள் வேறு ஊர்களில். நஷ்டஈடு வந்தது, தற்காலிக வீடும் கொடுத்தார்கள்.

ஆறு வருஷம் என்பது என்ன? ஒன்றாம் வகுப்புக் குழந்தை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். அப்பாவுக்குப் புது ஊரில் வேலை பழகிவிடும். பாட்டிக்கு மட்டும் வயல் ஞாபகம். கருத்துக்கணிப்புகளில் பாதிப்பேர் வரை திரும்ப மாட்டோம் என்றார்கள். இப்போது அங்கே சுமார் 2,000 பேர்தான். திரும்பியவர்களில் முதியவர்கள் அதிகம்.

முதல் மாதத்தில் 'வீட்டுக்குப் போவதா' என்று இருந்த கேள்வி, ஆறாவது வருஷத்தில் 'இங்கிருந்து மறுபடி இடம்பெயர்வதா' என்று ஆகிவிடுகிறது. கதிர்வீச்சுப் பயத்தைத் தனியாக வைத்தாலும், தாமதமே பாதி முடிவை எடுத்துவிடுகிறது. நாங்கள் பதிமூன்று நாளில் திரும்பினோம். பதிமூன்று மாதம் ஆகியிருந்தால் அண்ணா நகரிலேயே பையனைப் பள்ளியில் சேர்த்திருப்போம்.

4. மறுபடி அடையாறு

இத்தனையும் படித்துவிட்டு அந்த எக்செல் ஷீட்டுக்கு வருகிறேன். 'மற்ற வீட்டுக்காரர்கள்' என்ற வரி மட்டுமா விடுபட்டது?

எங்கள் வீட்டில் அப்போது வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையில் இருந்தார். எங்களை முழுக்கிய அதே தண்ணீர் அதே ராத்திரியில் அவர் வீட்டையும் அடித்துக்கொண்டு போனது. வெள்ளம் வடிந்த கொஞ்ச நாளில் ஆற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்ற ஆரம்பித்தார்கள். சுமார் 20 கிலோமீட்டர். டோக்கன் கொடுத்தார்கள், லாரியில் மிச்சமிருந்த சாமானை ஏற்றினார்கள். அவர் மகள் பத்தாம் வகுப்பு, பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை.

"காலைல அஞ்சு மணிக்கு பஸ் புடிச்சாத்தான் தம்பி எட்டு மணிக்கு உங்க வீட்டுக்கு வர முடியும்" என்றார். இரண்டு மாதம் வந்தார். வாங்கும் சம்பளத்தில் பாதி பஸ்ஸுக்கும் டீக்கும் போனது. அப்புறம் நின்றுவிட்டார். அவர் கணவர் வாரத்தில் ஐந்து நாள் சைதாப்பேட்டையில் தங்கை வீட்டில் படுத்துக்கொண்டு, பழைய இடத்திலேயே கூலி வேலைக்குப் போனார். நாகப்பட்டினத்துப் பெரியவரின் இன்ஜின் கதைதான், இன்ஜின் இல்லாமல்.

சுனாமிக்குப் பிறகு சென்னைக் கடற்கரைக் குடும்பங்கள் பலவற்றைச் செம்மஞ்சேரியில் குடியமர்த்தினார்கள். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வெள்ளத்திலிருந்து காப்பாற்ற மாற்றிய இடம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஆறுதான். அவர் வீடு ஆற்றில் இருந்தது என்பார்கள். என் ஃப்ளாட் மட்டும் எங்கே இருந்தது? தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தியது. எனக்குப் பத்திரம் இருந்தது, வங்கிக் கடன் இருந்தது, மோட்டாரைப் போட்டுவிட்டு ஃபோன் பண்ண மாடி வீட்டு மாமி இருந்தார்கள். அதனால் 'திரும்புவதா' என்ற கேள்வி என்னிடம் வந்தது. ஷீட் போட்டு யோசிக்க நேரமும் கிடைத்தது. அவரிடம் அந்தக் கேள்வி வரவே இல்லை. பேரிடருக்குப் பின் குடும்பங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்று படிக்க ஆரம்பித்த எனக்கு இப்போது படுவது: கேள்வி யார் யாரிடம் போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்ததுதான் வேலை எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் யார் வந்தார்கள், பள்ளிக்கூடம் திறந்ததா, எத்தனை மாதம் ஆயிற்று என்பதெல்லாம்.

போன வருஷம் அக்காவை சைதாப்பேட்டை மார்க்கெட்டில் பார்த்தேன். பெரும்பாக்கம் வீட்டில் மகள் குடும்பம் இருக்கிறதாம். இவரும் கணவரும் சைதாப்பேட்டையிலேயே ஒரு சந்தில் ஒற்றை அறைக்கு வாடகைக்கு வந்துவிட்டார்கள். பழைய இடத்திலிருந்து நடக்கிற தூரம். "வந்துட்டோம் தம்பி, எட்டு வருசம் ஆச்சு" என்றார். எந்தப் புள்ளிவிவரத்திலும் இந்தத் திரும்பல் இருக்காது. காகிதப்படி அவர் இன்னும் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறார்.

நாங்கள் இன்னும் அதே தரைத்தளத்தில்தான் இருக்கிறோம். ஐப்பசி பிறந்தால் மனைவி பத்திரம், பாஸ்போர்ட், பையனின் சர்ட்டிபிகேட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மாமி வீட்டு அலமாரியில் வைத்துவிடுவாள். தை மாதம் திரும்ப எடுத்துக்கொள்வோம். ஷீட்டில் அந்தப் புது வரியை இன்னும் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதற்கு என்ன எண் போடுவது என்று தெரியவில்லை.